சாணக்யபுரிப் புல்தரையில் இரண்டாம் பாகம்

டெல்லியில் பழைய பிரெஞ்சு சாகசப் படங்களை எங்கே பார்க்கலாம் என்று சென்ற பதிவின் கீழே சிலர் கேட்டிருந்தீர்கள். விவரங்களைக் கடைசியில் தருகிறேன். அதற்கு முன், எண்பதுகளின் தொடக்கத்தில் அப்படியொரு படத்துக்காக அடுத்தடுத்த இரண்டு சனிக்கிழமைகள் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக நகரமெங்கும் சாலைகளைத் தோண்டிப் போட்டிருந்த குளிர்காலம் அது.

உடன் வந்தவள் விக்டோரியா. நான் வேலை பார்த்த பள்ளியில் அறிவியல் ஆசிரியை, பாளையங்கோட்டைக்காரி. வாள், குதிரை, முகமூடி, தீவுச் சிறை என்று தமிழில் எந்த பிரெஞ்சு நாவல் கிடைத்தாலும் இருவரும் விடமாட்டோம். இது உயிர் நண்பர்களான இரண்டு வாள்வீரர்களின் கதை, இரண்டு பாகம். நூலகத்தில் முதல் பாகம் எனக்குக் கிடைத்தது, இரண்டாவது அவளுக்கு. மாற்றிக்கொள்ளாமல், பேருந்தில் ஒருவருக்கொருவர் கதையாகச் சொல்லிக்கொண்டோம். கடைசி அத்தியாயத்தை மட்டும் அவள் சொல்லவில்லை.

"அதைப் படத்துல பாருட்டி. இப்பச் சொன்னா சப்புன்னு போயிரும்."

படமும் இரண்டு பகுதி. சாணக்யபுரியில் ஒரு சிறிய அரங்கில் வாரத்துக்கு ஒன்றாகக் காட்டினார்கள், அனுமதி இலவசம். நாங்கள் குடியிருந்த லக்ஷ்மிபாய் நகரிலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர், ஆட்டோவுக்கு ஐந்து ரூபாய். முதல் சனிக்கிழமை என் பாகம். கதாநாயகன் திரையில் வந்ததும் விக்டோரியா காதில் சொன்னாள்: "நீ சொன்னதைவிடக் குள்ளமால்லா இருக்கான் உன் ஆளு!"

அடுத்த வாரம் அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. கணவருக்குச் சொந்த ஊருக்கே மாற்றல், செவ்வாய்க்கிழமை ரயில். பாத்திரங்களைச் சாக்கில் கட்டுவதைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாள். எங்கள் ஸ்டாண்டு ஆட்டோக்காரர், "பிர் வஹி பிக்சர், மேடம்ஜி?" என்று சிரித்தார். மறுபடி அதே படமா என்கிறார்.

"நஹீ பையா, இன்னைக்கு என் பாகம். ஜல்தி சலோ!" என்று அவரை விரட்டினாள் விக்டோரியா.

மூன்றரை மணிக்கு இறங்கினோம். இரண்டாம் பகுதியின் சுருள் வந்து சேரவில்லை, அடுத்த மாதம்தான் என்று வாசல் காவலர் சொன்னார்.

விக்டோரியா நேரே எதிரிலிருந்த ரவுண்டானாப் புல்லில் போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். "வந்து உக்காருட்டி. படம் வராட்டா என்ன, நான் காட்டுதேன்."

வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு முழுவதையும் காட்டினாள். பைக்குள் இருந்த ஸ்வெட்டர் ஊசிதான் வாள். துறைமுகத்தில் பிரிந்த நண்பர்கள், தலை நரைத்த பிறகு, ஒரு மழை நாளில் ஏதோ சத்திரத்தில் எதிரெதிரே வந்து உட்காருகிறார்கள். முதலில் அடையாளம் தெரியவில்லை.

"ஒருத்தன் கேக்கான், 'இன்னும் இடது கையாலதான் சாப்புடுதியா?'ன்னு. அவ்வளவுதான் கதை" என்று எழுந்து, சேலையில் ஒட்டிய கடலைத் தொலியைத் தட்டினாள்.

அடுத்த மாதம் தனியாகப் போனேன். அவள் சொன்னவையெல்லாம் அதே வரிசையில் வந்தன. துறைமுகமும் வந்தது. நண்பர்கள் கட்டிக்கொண்டார்கள், கப்பல் நகர்ந்தது, திரை வெளுத்தது. இன்னும் சத்திரம் இருக்கிறதே என்று நான் எழவில்லை. நாற்காலிகளை மடக்க ஆள் வந்துவிட்டார்.

பிறகு நூலகத்தில் இரண்டாம் பாகத்தை எடுத்துப் பார்த்தேன். நாவலும் கப்பலோடுதான் முடிகிறது. அந்தச் சத்திரத்தை விக்டோரியாதான் கட்டியிருக்கிறாள்.

நாங்கள் அதன்பின் சந்திக்கவில்லை. மனத்தாங்கல் ஒன்றுமில்லை. எனக்கு விடுமுறை கிடைத்தால் அவளுக்குத் தேர்வுப் பணி. அவள் கூப்பிட்ட கோடையில் என் மகனுக்கு அம்மை. அடுத்த வருடம் பார்க்கலாம் என்றே இருந்தோம். நான் ஓய்வு பெற்ற வருடம் அவள் இறந்துபோனாள்.

இனி, போகிறவர்களுக்கு. இப்போதும் அந்தப் பக்கம் அவ்வப்போது இப்படிப் படங்கள் போடுகிறார்கள். படம் உண்டா என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். துவாரகா பக்கமிருந்து மெட்ரோவில் வந்து ஆட்டோ பிடிக்கலாம். அடையாள அட்டை அவசியம். நாவலைப் படித்துவிட்டுப் போவது நல்லது. பாடம் படித்துவிட்டு ஆய்வகத்துக்குள் போகும் பிள்ளை அதிகம் பார்க்கும் என்பாள் விக்டோரியா. படம் இரண்டு பகுதி என்றால், கூட வருபவர் ஊரில் இருக்கும்போதே இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

போன மாதம் அதே படத்தை மறுபடி போட்டார்கள். கப்பல் போன பிறகு எதுவும் இல்லையென்று தெரியும். ஆனாலும் விளக்குப் போடும்வரை உட்கார்ந்திருந்தேன்.