முடிச்சுக்குள் இருந்த மஞ்சள்

சின்னாளப்பட்டித் தெருவில் பொன்னுச்சாமி நடந்து வந்தால் நாய்கள் ஓடுவதற்கு முன்பே பெண்கள் ஓடுவார்கள். தங்கள் நாயை வாரித் தூக்கி உள்ளே போட்டுக் கதவைச் சாத்துவார்கள். அவர் தோளில் ஆளுயர வேலங்கழி ஒன்று இருக்கும். காலையில் சாயத் தொட்டிக்குள் நூல் சிட்டங்களைப் புரட்டுவது அந்தக் கழிதான். மாலையில் நாயின் மண்டையைப் பிளப்பதும் அதேதான். அதன் முனை எப்போதும் செக்கச்செவேல் என்றிருக்கும். அது சாயமா ரத்தமா என்று கேட்கும் துணிச்சல் ஊரில் யாருக்கும் இல்லை.

ஈவிரக்கம் இல்லாத பாவி என்றார்கள். பாவிதான். ஆனால் அவரைப் பாவியாக்கியது 1952ஆம் வருஷத்து ஆடி மாதம்.

அந்த மாதம் அவருடைய ஒரே தங்கை கண்ணம்மாளை ஒரு தெருநாய் கெண்டைக்காலில் கடித்தது. பச்சிலை அரைத்துக் கட்டினார்கள். புண் ஆறியது. நாற்பது நாள் கழித்து, குடிக்கக் கொடுத்த தண்ணீரைக் கண்டதும் அந்தப் பெண் அலறினாள். அப்புறம் காற்றுப் பட்டாலே அலறினாள். பார்க்க வந்தவர்களைக் கடிக்கப் பாய்ந்தாள். அவளைக் கட்டிலோடு வைத்துக் கட்டியவர் பொன்னுச்சாமி. "அண்ணே, அவுத்து விடுண்ணே... கை வலிக்குதுண்ணே..." என்று இரண்டு பகல் கெஞ்சினாள். மூன்றாம் நாள் நுரை தள்ளி அடங்கினாள். கயிறு அறுத்த தடம் அவள் மணிக்கட்டில் வளையல் போலப் பதிந்திருந்தது.

சாம்பல் கரைத்துவிட்டு வந்தவர் அன்றே கழியை எடுத்தார். வாய் ஒழுகும் நாய் ஊருக்குள் வந்தால் பொன்னுச்சாமியைக் கூப்பிடு என்பது பழக்கமாயிற்று. ஆறு வருஷத்தில் அவர் கொன்றவற்றுக்குக் கணக்கில்லை.

1958இல் திண்டுக்கல் கால்நடை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் பக்ருதீன், சைக்கிளில் மருந்துப் பெட்டியோடு வந்து இறங்கினார். வளர்ப்பு நாய்க்கு முன்னதாகவே ஊசி போட்டால் வெறி அண்டாது என்றார். எந்த நாய்க்குப் போட்டாயிற்று, எதற்குப் போடவில்லை என்று எப்படித் தெரியும்? சாயக்கார ஊருக்குக் கலர் நூலுக்கா பஞ்சம்? ஊசி போட்ட நாயின் கழுத்தில் மஞ்சள் நூல். அடுத்த வருஷம் ஊசி போட்டால் சிவப்பு நூல். வெறிநாய் கடித்த நாயின் கழுத்தில் அந்த வருஷத்து நூல் இருந்தால் கட்டிப் போட்டுக் கவனிக்கலாம். இல்லாவிட்டால் பொன்னுச்சாமியின் கழி. இதுதான் பஞ்சாயத்தில் பேசி முடித்த ஏற்பாடு.

அந்த வருஷம் எல்லாரும் தங்கள் நாய்க்கு ஆர்வமாய் ஊசி போட்டார்கள். மறு வருஷம் பக்ருதீன் தேதி சொல்ல வந்தபோதுதான் சாயப்பட்டறை வாசலில் வாக்குவாதம் கிளம்பியது.

"ஏன் பாயி, அம்மைக்குக் கையில குத்துறாக. ஆயுசுக்கும் தழும்பு நிக்குது. நாய்க்கு மட்டும் வருஷா வருஷமா?" என்று கேட்டவள் சொர்ணலட்சுமி. புருஷனை இழந்து ஒற்றைத் தறியோடு தனியாக இருந்தவள். அவளுக்குத் துணை சின்னான் என்ற வெள்ளை நாய்.

"அந்த மருந்து வேற, இது வேற தாயி. இதோட சக்தி நாளாக ஆகக் கொறஞ்சு போகும். ரெண்டு மூணு வருசம் தாங்குற மருந்தும் வந்துருக்குன்னு சொல்றாக. நம்ம பெட்டிக்கு அது இன்னும் வரல. சந்தேகத்துல உசுர வைக்கப்படாது. வருசத்துக்கு ஒருக்காப் போட்டுரணும்."

"பூனைக்கு?" என்றான் ஒருவன்.

"பூனைக்கும் அதே கணக்குத்தான். புடிச்சுக் குடு பாப்போம். போன வருசம் ஒரு பூனை எனக்குத்தான் ஊசி போட்டு அனுப்புச்சு" என்று பாய் கையிலிருந்த கீறலைக் காட்ட, எல்லாரும் சிரித்தார்கள்.

பொன்னுச்சாமியின் மனைவி செல்லக்கிளி மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளை இல்லாத அந்த வீட்டில் செவலை என்ற நாய்தான் பிள்ளை. போன வருஷம் ஊசி போட்ட இடம் கொழுக்கட்டையாய் வீங்கி, மூன்று நாள் கஞ்சி தொடாமல் கிடந்தது செவலை. அந்த மூன்று நாளும் அவளும் சாப்பிடவில்லை.

"இந்தத் தடவ வேணாங்க" என்றாள்.

"ஊருக்கு ஒரு சட்டம், என் வீட்டுக்கு ஒரு சட்டமா? போடணும்" என்றார் அவர்.

ஊசி போடும் நாளன்று ஆத்தூரில் ஒரு துக்கத்துக்குப் போக வேண்டி வந்தது. மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது செவலையின் கழுத்தில் சிவப்பு நூல் பளிச்சென்றிருந்தது. திருப்தியோடு அதன் தலையைத் தடவிக் கொடுத்தார்.

சித்திரை வெயிலில் ஒரு நாள், எரியோட்டுப் பக்கமிருந்து வந்ததாம், ஒரு கறுப்பு நாய் ஊருக்குள் பாய்ந்தது. தொங்கிய தாடை, சிவந்த கண். கண்ணில் பட்டதையெல்லாம் கடிக்க எகிறிக்கொண்டு போயிற்று. நெசவாளர் தெருவில் சின்னான் அதை மறித்தது. சண்டையில் செவலையும் போய் விழுந்தது. மூன்றும் ஒரே உருளையாய்ப் புழுதியில் புரண்டன. பொன்னுச்சாமி கறுப்பு நாயின் முதுகெலும்பை ஒரே அடியில் முறித்தார்.

பிறகு மற்ற இரண்டின் கழுத்தையும் பார்த்தார். இரண்டின் உடம்பிலும் கடிவாய். செவலைக்குச் சிவப்பு நூல். சின்னானுக்கு நிறம் வெளுத்துப்போன மஞ்சள் நூல்.

"அண்ணே! ஒரு தடவ போட்டா போதும்னு நெனச்சுட்டேண்ணே. கட்டிப் போட்டுப் பாத்துக்கறேன்" என்று சொர்ணலட்சுமி நாயின் மேல் கவிழ்ந்து படுத்தாள்.

"தள்ளு தாயி."

"என்னையும் சேத்து அடி!"

அவளைத் தூக்கி அப்பால் விட்டார். அவள் கண் முன்னாலேயே கழி இறங்கியது. சின்னான் ஒரே ஒருமுறை கத்தியது. தன் முகத்தில் தெறித்த ரத்தத்தைத் துடைக்காமலே சொர்ணலட்சுமி சொன்னாள்: "உன் நாய்க்கு மட்டும் கழி வலிக்கப்படாதோ? போ. உன் வீட்டுக்கும் ஒருநா வரும்."

செவலையைக் கட்டிப் போட்டார்கள். ஐந்து வாரம் ஒன்றும் ஆகவில்லை. செல்லக்கிளிக்கு மனம் இளகி, கட்டை அவிழ்த்துவிட்டாள். மறுநாளே அது கஞ்சியைத் தொடவில்லை. தறிக்காலைக் கடித்தது. குரைப்பு தொண்டைக்குள் உடைந்தது. "என்னடா கண்ணு?" என்று குனிந்து அவள் தண்ணீர்ச் சட்டியை நீட்டினாள்.

அவள் அலறல் கேட்டு ஓடி வந்த பொன்னுச்சாமி கண்ட காட்சி! செவலை அவள் முன்கையைக் கவ்வித் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் உதறுகிறாள், அது விடவில்லை. முதல் அடியில் பிடி விட்டது. இரண்டாம் அடியில் சாய்ந்தது. மூன்றாவதற்குக் கழியை ஓங்கியபோது, எஜமானைத் தெரிந்துகொண்டாற்போல அந்த வால் தரையில் லேசாக அசைந்தது. பிள்ளையாய் வளர்த்த ஜீவன்! ஆனாலும் அடித்தார். அசைவு நின்றது.

"பாயோட மருந்து பொய்!" என்று கத்தினார். "தண்ணிய அடைச்சுட்டு வந்து ஊர ஏமாத்திட்டான். இந்த நூல அவன் வாயிலயே திணிச்சு..." அறுத்தெடுத்த நூலைக் கையில் சுருட்டினார். ஆயிரம் சுங்குடிச் சேலைகளின் முடிச்சை அவிழ்த்த விரல் நகம், பழக்கத்தால் அந்த முடிச்சையும் நெம்பியது. முடிச்சு விரிந்தது.

உள்ளே மஞ்சள்.

சுங்குடியின் அரிச்சுவடியே அதுதான். இறுக்கி முடிந்த இடத்தில் சாயம் ஏறாது. போன வருஷத்து நூலை, போட்ட முடிச்சை அவிழ்க்காமல் கழற்றி, சிவப்புத் தொட்டியில் முக்கி, மறுபடியும் கழுத்தில் மாட்டியிருக்கிறார்கள். ஊசியே போடவில்லை.

மனைவியை நிமிர்ந்து பார்த்தார். அவளும் அந்த மஞ்சளைப் பார்த்துவிட்டாள்.

"மறுபடியும் வீங்கிக் கெடக்குமேன்னு... மனசு கேக்கலீங்க..."

கழி ஓங்கியது. அவள் தலைக்கு நேராக ஓங்கியது. கடிவாயிலிருந்து ரத்தம் அவள் விரல் நுனி வழியே சொட்டிக்கொண்டிருந்தது. அவர் பிளிறிக்கொண்டு திரும்பிச் சாயப் பானையை ஒரே போடாகப் போட்டு உடைத்தார். சிவப்புச் சாயம் செத்த நாயைச் சுற்றிக்கொண்டு வாசல்வரை ஓடியது.

அப்புறம், பாய் முன்பு சொல்லிக் கொடுத்திருந்தபடி சோப்புப் போட்டு அந்தக் கையைக் கழுவினார். கழுவிக் கழுவி அழுதார். அடுத்த பஸ்ஸில் திண்டுக்கல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி, தினம் ஒன்று என்றார் டாக்டர்.

திரும்பி வந்ததும் நேராகச் சொர்ணலட்சுமியின் வாசலுக்குப் போனார். கழியை அவள் காலடியில் வைத்தார். நூல் விவரம் முழுவதையும் சொன்னார்.

"நீ பழைய நூல உள்ளபடியே விட்டே. உன் நாயக் கொன்னேன். என் வீட்டுத் திருட்டுச் சாயத்த நம்புனேன். அடி தாயி. எம்புட்டு வேணாலும் அடி."

அவள் கழியை எடுத்தாள். அவர் தோளில் ஒரு அடி விழுந்தது, பலமான அடிதான். இரண்டாவது அடிக்கு அவளால் முடியவில்லை.

"சாயக்காரன்! முடிச்ச அவுத்துப் பாக்கத் தெரியல ஒனக்கு!" என்று விம்மியவள், கழியை உள்ளே இழுத்துப்போய் அடுப்புக்குள் திணித்தாள். தீ பிடித்த பிறகு, "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குச் செல்லக்கிளிகூட நான் போறேன். நீ போய்ப் படு" என்றாள்.

பதினான்கு நாளும் அவள் கூடப் போனாள். ஊசி ஏறும்போது செல்லக்கிளி துடிப்பாள்; அவள் காலைப் பிடித்துக்கொள்ளும் கை சொர்ணலட்சுமியுடையது. ஊசி முடிந்த பிறகும் பொன்னுச்சாமிக்கு உறக்கமில்லை. விடிந்ததும் ஒரு செம்புத் தண்ணீரை மனைவியிடம் நீட்டுவார். அவள் குடித்து முடிக்கும்வரை அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்பார். கண்ணம்மாளின் குரல் காதில் அறைந்துகொண்டேயிருக்கும். செம்பு காலியானால்தான் அவர் மூச்சு விடுவார்.

நாற்பது நாள் போயிற்று. நூறு நாள் போயிற்று. செல்லக்கிளி பிழைத்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம் நீல நூல். பொன்னுச்சாமி கையில் கழி இல்லை. பக்ருதீனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு நாயின் பழைய நூலையும் தன் கையால் அறுத்து, முடிச்சை அவிழ்த்து உள்நிறம் பார்த்து, தீயில் போட்டுவிட்டுத்தான் புது நூல் கட்டினார். நாய்களை அமுக்கிப் பிடித்தவள் செல்லக்கிளி, தழும்பேறிய அந்தக் கையாலேயே. முதலில் வந்தது சொர்ணலட்சுமியின் புதுக் குட்டி. அது அவர் விரலைக் கவ்வி விளையாடியது. அவர் விரலை விலக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருஷமும் தவறவில்லை. அறுபத்தெட்டில், ஊருக்குப் புதிதாய் வாழ்க்கைப்பட்டு வந்த ஒருத்தி, "நாய்க்கு எத்தன நாளைக்கு ஒருக்காப் போடணும் மாமா?" என்று கேட்டாள்.

"வருசத்துக்கு ஒருக்கா ஆத்தா."

"வருசத்துக்கு ஒருக்கா நாய்க்கு" என்று உள்ளிருந்து செல்லக்கிளி சொன்னாள். "எனக்கு மட்டும் தெனமும் காலையில ஒரு செம்புத் தண்ணி. ஒம்பது வருசமாச்சு. குடிச்சுக் காட்டாம இந்த மனுசன் சாயத் தொட்டிப் பக்கம் போகமாட்டாரு."

பொன்னுச்சாமி அன்றைய செம்பு காலியாகிவிட்டதா என்று மறுபடியும் ஒருமுறை எட்டிப் பார்த்தார்.