பாலத்தை மூடியது யார்

நகராட்சி அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்து, ஒவ்வொரு படியாக ஏறி, அதே கட்டடத்தின் மாடி அறைக்கு அதிகாரியாக வந்தவள் அவள். அந்த அறையில் மேசை இருந்தது, மின்விசிறி இருந்தது. அதிகாரம் மட்டும் இருந்ததில்லை. ஒரு தெருவிளக்கை மாற்றக்கூடத் தலைநகரம் தலையாட்ட வேண்டும். யார் வந்து சண்டை போட்டாலும், "மேலிடத்துக்கு எழுதியிருக்கேங்க" என்று சொல்லிப் பட்டும் படாமலும் காலத்தை ஓட்டிவிட்டாள். அதில் ஒரு சுகம் இருந்தது, மறைப்பானேன்.

இந்த வருடம் சட்டம் மாறியது. சாலை, பாலம், தண்ணீர் எல்லாம் இனி அந்தந்த ஊரின் பொறுப்பு என்றார்கள். முதல் முடிவே ஆற்றுப் பாலமாக வந்து வாய்த்தது. பொறியாளர் அவளைக் கையோடு கூட்டிப்போய்த் தூணில் விட்டிருந்த விரிசலைக் காட்டினார். மூடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் பாலத்தின் அக்கரை முனையில் இருப்பது அவள் அண்ணனின் இரும்புக் கடை. போக்குவரத்து நின்றால் வியாபாரம் படுத்துவிடும். அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்ததே அந்தக் கடைதான்.

மூடச் சொல்லிவிட்டாள். அறிவிப்பைத் தானே தட்டினாள். பழகிய விரல்கள் தாமாகவே "மேலிட உத்தரவின்படி" என்று ஆரம்பித்தன. பாலத்தில் ஒட்டிய பிறகுதான் அது உறைத்தது. உறைத்தும் அவள் கிழிக்கவில்லை. அண்ணன் தலைநகரத்தைத் திட்டித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். கோழைத்தனம்தான்.

மறுநாள் காலை அண்ணன் பேருந்து நிலையத்தில் நிற்பதாகத் தெரிந்ததும் ஓட்டமும் நடையுமாகப் போனாள். சலவைச் சட்டை போட்டு, கையில் மனுவோடு நின்றிருந்தார்.

"எங்கண்ணா கிளம்பிட்ட?"

"தலைநகரத்துக்குத்தான். எவனோ ஊரையே பாக்காம மூடுன்னுட்டான். நீ பாவம், என்ன பண்ணுவ?"

அந்தப் 'பாவம்' அவளைச் சுட்டது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், பேருந்து கிளம்பிவிடும்.

"அங்க யாரும் சொல்லலண்ணா. நான்தான் மூடினேன்."

"மேலிடம்னு போட்டிருந்துச்சே?"

"பழக்கதோஷம். அப்புறம், உனக்குப் பயந்து அப்படியே விட்டுட்டேன்."

அண்ணன் பேருந்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்.

"சரி, நீதானே மூடின. திறந்துவிடு."

"தூண் தாங்காதுண்ணா."

"என் கடை தாங்குமா?"

பேருந்து அவரை விட்டுவிட்டுப் போனது. பிறந்த நாளிலிருந்து அவளை 'வாடி, போடி' என்று மட்டுமே கூப்பிட்டவர், மனுவை இரண்டு கையாலும் நீட்டினார்.

"அப்ப இதை நீங்களே வாங்கிக்கங்க, மேடம்."