பிளேக் ஊசியும் பித்தளை அண்டாவும்

சர்க்கார் ஊசி போட வந்தால் குத்து ஊருக்கு, திட்டு குமாஸ்தாவுக்கு. சீட்டு எழுதிப் பிழைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், வாருங்கள், சேர்ந்து அழலாம்.

காலி நாற்காலி

உலகச் சண்டை ஆரம்பிப்பதற்கு முந்தி, பள்ளத்தாக்கில் பிளேக் பரவிய வருஷம். போடி மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றில் டாக்டர், கம்பவுண்டர் சாமுவேல், சீட்டு எழுதும் குமாஸ்தா நான் மூவரும் கொட்டகை போட்டு உட்கார்ந்தோம். மூன்று நாளாக ஒரு கை நீளவில்லை. எங்களைக் கண்டால் கோழிகள்கூடப் படலைச் சாத்திக்கொண்டன.

டாக்டர் எலிப் படம் காட்டிப் பிரசங்கம் செய்தார். ஏலக்காய் பறிக்க மலையேறும் முத்தக்காள் மட்டும் கடைசிவரை கேட்டாள். ஊசி போட்டால் காய்ச்சலடிக்குமா என்றாள். ரெண்டு நாள் அடிக்கும் என்றேன்.

"பிளேக்கு வந்தாலும் வரும், வராமயும் போகும். காய்ச்சல் நிச்சயம்ல? நான் படுத்துட்டா எம்புள்ளைகளுக்கு யாரு கஞ்சி ஊத்துவாக?"

ஆறு பேர், ஒரு கை

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. ஊசிச் சீட்டு இல்லாதவர் மலைப்பாதையில் கால் வைக்கக் கூடாதென்று உத்தரவு போட்டார். மறுநாள் கருப்பன் வந்தான். பிறகு தலைப்பாகையோடு சுப்பன். மீசையில்லாமல் வீரன். ஆறாவது ஆளுக்கு ஊசி குத்தக் கையில் இடமில்லை. பார்த்தால் ஆறும் வண்டிக்கார மாயாண்டி! காய்ச்சலே பயந்து ஓடும் உடம்பு அவனுக்கு. சீட்டுக்கு ஒரு கோழி என்று ஊரோடு பேச்சாம்.

"சீட்டுல பேரத்தான எசமான் பாக்குறாக, கையவா பாக்குறாக?"

வியாபாரியின் அரிசி

வெள்ளிக்கிழமைக்குள் எல்லாரும் போட்டுக்கொள்ளாவிட்டால் பாதையையே அடைப்பேன் என்றார் டாக்டர். அடைத்தால் பழுத்த காய் செடியோடு போகும். ஊருக்கு வருஷத்துச் சோறு போகும். யாரைக் குறை சொல்ல? தனித்தனியே கேட்டால் அவரவர் யோசனை சரி. கூட்டிப் பார்த்தால் ஊரே சேர்ந்து பிளேக்குக்குப் பாய் விரித்திருந்தது.

போடி பஜாருக்கு நடந்தேன். பாதை அடைபட்டால் உங்கள் சரக்குக் கிட்டங்கியில் எலி மட்டும்தான் இருக்கும் என்று ஏலக்காய் வியாபாரியிடம் சொன்னேன். மனுஷன் உடனே நாலு மூட்டை அரிசியும், யானை குளிக்கும் அளவில் ஒரு பித்தளை அண்டாவும் வண்டியில் ஏற்றினார். நான் கும்பிட்டதும் தடுத்தார்.

"புண்ணியம்னு நெனச்சுறாதீக. காய் இறங்கலைன்னா எங்கடைக்குக் கதவு எதுக்கு?"

வெள்ளிக்கிழமை

ஊசி போட்டவர் வீட்டுக்கு ரெண்டு நாளும் மூணு வேளைக் கஞ்சி என்று தமுக்கு அடித்தோம். புதன்கிழமை விடிந்ததும் வரிசை ஊரைத் தாண்டி, குரங்கணி வரை போய்த் திரும்பி வந்தது; நம்பாதவர்கள் அண்டாவைக் கேட்டுக்கொள்ளலாம். ஊரே வீங்கிய கையோடு படுத்துக் கிடக்க, சாமுவேலும் நானும் வீடுவீடாக ஊற்றினோம். ஒருவர் பாக்கியில்லை.

வெள்ளிக்கிழமை ஊர் முழுக்கக் கூடையோடு மலையேறியது. டாக்டர் பூரித்துப்போய் முத்தக்காளை நிறுத்தி, என் பிரசங்கத்தில் எதைக் கேட்டு உனக்குப் புத்தி வந்தது என்றார்.

"புத்தி அன்னைக்கும் இதேதான் எசமான். அன்னைக்குக் கஞ்சி இல்ல."

மேலிடத்துக்குப் போன அறிக்கையில் டாக்டரின் பிரசங்கம் நாலு பக்கம் வந்தது, கஞ்சியை மட்டும் 'இதர விஷயங்கள்' என்ற இடத்தில் ஒரே வரியாக நான்தான் செருகிவிட்டேன்.