அம்மா நகர்த்திய அலைக்கோடு

அன்றைக்கு என் பக்கம்தான் நியாயம் என்று ஏழு வயதில் சாதித்தேன். அதன் பிறகும் பல வருடம் அதையே சாதித்துக்கொண்டிருந்தேன்.

புதுச்சேரி கடற்கரைச் சாலை முடிந்து வடக்கே போனால் எங்கள் குப்பம். அலை ஏறி இறங்கிய இடத்தில் பாசியும் சிப்பியும் குச்சியுமாக மணலில் ஒரு கோடு கிடக்கும். எங்கள் வாசலுக்குப் பத்தடி முன்னால் கிடந்த அந்தக் கோடு முழுக்க என்னுடையது. பள்ளிக்கூடம் போகுமுன் அதில் சிப்பி பொறுக்குவேன். தங்கச்சிக்குக்கூடப் பங்கு கிடையாது.

ஒருநாள் விடிந்ததும் பார்த்தால், அம்மாவும் பெரியம்மாவும் என் கோட்டைத் துடைப்பத்தால் கூட்டிக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அப்பா அதைக் கடலோரம் கொண்டுபோய் வளைத்து வளைத்துக் கொட்டினார். அலை ஏறும் எல்லையைக் குறிக்க அன்று சர்க்கார் ஆட்கள் வருகிறார்கள், எல்லை வீட்டைத் தொட்டால் பட்டா கிடைக்காது, காலி செய்யச் சொல்வார்கள் என்று குப்பமே பேசிக்கொண்டிருந்தது. என் காதிலும் விழுந்ததுதான். சிப்பி பறிபோன ஆத்திரத்தில் பட்டாவாவது மண்ணாங்கட்டியாவது! என்னைக் கேட்காமல் எப்படி எடுக்கலாம் என்று கத்தினேன். அம்மா என் வாயில் ஒரு இட்லியைத் திணித்து உள்ளே தள்ளினாள்.

வந்தவர்கள் மூன்று பேர். புதுக் கோட்டருகே கையைக் கட்டி நின்று, அலை இதற்கு மேல் ஏறியதே இல்லை என்றார் அப்பா. டேப் வைத்திருந்தவர் தலையாட்டிவிட்டுக் குனிந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"பொய் சார். எங்கம்மாதான் வாசல்ல இருந்து வாரிக்கினு வந்து இங்க கொட்டச் சொல்லிச்சி. அது என் சிப்பி."

அப்பா கடலைப் பார்த்தார்.

"கொழந்த சார், ஏதோ ஒளறுது," என்று அம்மா சிரித்தாள். பொய்யும் சொல்லிவிட்டு என்னைக் கிறுக்காக்குகிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வந்தவர்களை இழுத்துப் போய், முந்தின வருடம் புயலடித்த அன்று எங்கள் சுவரில் தண்ணீர் நின்ற கறையையும் காட்டினேன்.

அவர்களில் மூத்தவர் என் முதுகைத் தட்டி, நல்ல பிள்ளை என்றார். வீட்டுக்குப் பின்னால், அடுப்படியையும் தாண்டிக் குழி தோண்டி, சிவப்புப் பெயிண்ட் அடித்த எல்லைக்கல்லை இறக்கினார்கள். எங்கள் வீடு மொத்தமும் கல்லுக்குக் கடல் பக்கம் போய்விட்டது. கல் சாயாமல் பிடிக்க ஆள் கேட்டார்கள். வீட்டில் ஒருவரும் நகரவில்லை. நான் ஓடிப்போய் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மண்ணைத் தள்ளி மிதித்து முடிக்கும்வரை விடவில்லை.

பிறகு அம்மாவை நிமிர்ந்து முறைத்தேன். அவள் அடுப்படியையே பார்த்துக்கொண்டு நின்றாள். செய்த திருட்டுக்கு வெட்கப்பட்டுத்தான் என் முகத்தைப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.