பதினேழாம் எண் சொன்னது

புவியியல் துறையில் இருபத்தாறு ஆண்டுகளாக அலுவலக உதவியாளர் அவர். முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு என்றால் நாற்காலி போடுவது, மக்கர் பண்ணும் புரொஜக்டரைச் சரிக்கட்டுவது, தேநீர் கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. “நின்னு கேட்டதுக்கே எனக்கு ரெண்டு பட்டம் குடுத்திருக்கணும்” என்று சொல்லிச் சிரிப்பார். போன வருடம் மனைவி இறந்த பிறகு அந்தச் சிரிப்பும் நின்றுபோனது.

அன்று ஆய்வை முன்வைத்த பெண் பெரும்பாலும் வெளியே கள வேலையிலேயே இருந்தவள். அவரோடு அதிகம் பேசிப் பழகியதில்லை. ஆற்றங்கரையிலிருந்து அகற்றப்பட்டு, நகரத்துக்கு வெளியே அடுக்குமாடிகளில் குடியேற்றப்பட்டவர்கள் தங்கள் பொழுதை எங்கே, யாரோடு கழிக்கிறார்கள் என்பதுதான் அவள் ஆய்வு. திரையில் வரைபடம் விரிந்தது. தேநீர்த் தட்டோடு கதவருகே நின்ற அவருக்குத் தன் குடியிருப்பு தெரிந்தது. ஏழு வருடங்களுக்கு முன் அவர் குடும்பத்தையும் அங்கேதான் கொண்டுபோய் இறக்கியிருந்தார்கள்.

ஆய்வில் யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். “பதினேழாம் எண். ஐம்பத்திரண்டு வயசு. முன்னாடி வீட்டுலயே துணி தைச்சவங்க” என்றவள், அந்தப் பெண் சொன்னதை வாசித்தாள்:

“எங்க வீடு டிபன் கேரியர்ல மூணாவது அடுக்கு. கதவைத் தட்ட நாதியில்ல. சாயங்காலமானா பஸ் ஸ்டாப்ல போய் உக்காந்துக்குவேன். எங்கயும் போறதில்ல. இறங்குறவங்கள்ல யாராவது தெரிஞ்ச முகமா இருக்காதான்னுதான். வீட்டுக்காரர்கிட்ட சொன்னதில்ல. ரெண்டு பஸ் மாறி வேலைக்குப் போற மனுஷன், பாவம்.”

அவர் தட்டைப் பக்கத்து மேசையில் வைத்தார். அடுக்குமாடியை டிபன் கேரியர் என்று சொன்னவள் அந்தக் குடியிருப்பிலேயே ஒருத்திதான்.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். “பஸ் ஸ்டாப்ல உக்காந்தா தனிமைன்னு அர்த்தமாம்மா? காத்து வாங்கப் போயிருக்கலாமே?”

அறையில் லேசாகச் சிரிப்பு எழுந்தது.

“மூணு மாசம் பக்கத்துலயே உக்காந்திருந்தேன் சார். என் கையைப் பிடிச்சுக்கிட்டுதான் பேசுவாங்க” என்றாள் அவள். தேர்வாளர் தலையசைத்து அடுத்த பக்கத்துக்குப் போனார்.

பட்டம் உறுதியாகி எல்லோரும் கலைந்த பின், உதவியாளர் அவளிடம் போனார்.

“அந்தப் பதினேழாம் எண்…”

“பேரு சொல்லக் கூடாதுண்ணா.”

“பேரு எனக்குத் தெரியும்மா. என் வீட்டுக்காரி. போன வருஷம் தவறிட்டா.”

அவள் கையிலிருந்த ஆய்வேட்டை மேசையில் வைத்தாள்.

“குரலைப் பதிவு பண்ணியிருப்பீங்கல்ல? ஒரு தடவை கேக்கலாமா?”

“ஆய்வு முடிஞ்சா அழிச்சிடணும்னு விதிண்ணா. போன மாசம்தான் அழிச்சேன்.” அவள் கண் கலங்கிவிட்டது.

“சரிம்மா. விதின்னா செய்யத்தானே வேணும்” என்று சொல்லிவிட்டு, அவர் நாற்காலிகளை அடுக்கப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் வெளியூரில் இருக்கும் மகளைப் போனில் கூப்பிட்டார்.

“அம்மா தினமும் பஸ் ஸ்டாப்ல போய் உக்காந்திருப்பாளாமே, உனக்குத் தெரியுமா?”

“தெரியும்ப்பா. உங்ககிட்ட சொல்லிடாதன்னு சத்தியம் வாங்கிட்டாங்க.”

அவர் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, “சாப்டியா?” என்று கேட்டார்.

“சாப்டேன்ப்பா” என்றாள்.