அடி வாங்காத சாம்பியன்

பெரம்பலூர் மாவட்டக் கிக்பாக்ஸிங்கில் தொடர்ந்து நான்கு வருஷம் நான்தான் தங்கம். இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர்கள் முதலில் என் மூக்கைப் பார்ப்பார்கள். மூக்கு நேராகத்தான் இருந்தது. எப்படி வளையும்? அந்த நான்கு வருஷமும் போட்டியில் என்னை ஒருவர்கூட அடிக்கவில்லை. நானும் யாரையும் அடிக்கவில்லை. என் வயதில், என் எடைப் பிரிவில், மாவட்டத்திலேயே பெண் நான் ஒருத்திதான்.

எதிராளி வராவிட்டால் வந்தவர் ஜெயித்தவர், அதுதான் விதி. நான் கையுறை, தலைக்கவசம், காலுக்குப் பட்டை எல்லாம் மாட்டிக்கொண்டு நடுவில் போய் நிற்பேன். நடுவர் எதிர்ப்பக்கத்து வெற்றிடத்தை மரியாதையாகப் பார்ப்பார். மூன்று முறை மைக்கில் கூப்பிட வேண்டும் என்று சட்டம். பெயர் இல்லாத ஆளை எப்படிக் கூப்பிடுவது? அதனால் எதிராளிக்கு ஒதுக்கிய மூலையைப் பார்த்து "நீல மூலை, நீல மூலை, நீல மூலை" என்பார். நீல மூலை சார்பில் யாரும் பேச மாட்டார்கள். உடனே என் கையைத் தூக்கிவிடுவார். கைதட்டல் காதைக் கிழிக்கும். எனக்கும் வியர்த்துக் கொட்டியிருக்கும், தலைக்கவசத்துக்குள் இருந்த புழுக்கத்தில்.

அப்பா சின்ன வெங்காய மண்டி வைத்திருக்கிறார். எடைப் பிரிவு தவறிவிடக் கூடாது என்று போட்டிக்கு ஒரு வாரம் முன்பிருந்தே மூட்டை நிறுக்கும் தராசில் என்னை ஏற்றி இறக்குவார். ஜெயித்த மறுநாள் எங்கள் ஊர் பாலக்கரையில் ஃபிளெக்ஸ் வைப்பார். அதில் நான் உதைப்பது போல ஒரு படம், பக்கத்தில் அப்பா, சித்தப்பா, மாமா என்று நான் அடித்துப் போட்டவர்கள் மாதிரி வரிசையாகத் தலைகள். சொந்தக்காரர்கள் என்னைப் போலீஸில் சேர்ப்பதா, மிலிட்டரியில் சேர்ப்பதா என்று கல்யாண வீடுகளில் விவாதித்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கோ உள்ளுக்குள் ஒரே ஒரு கேள்வி அரித்துக்கொண்டிருந்தது: எனக்குச் சண்டை போட வருமா, வராதா? கல்லூரியில் ஒரு தோழி, "மூஞ்சில குத்து வுழுந்தா எப்படிடி இருக்கும்?" என்று கேட்டாள். "பழகிடும்" என்றேன். அன்று முழுவதும் எனக்கு என் மேலேயே எரிச்சல். கிக்பாக்ஸிங் வகுப்பில் பயிற்சிக்கு என்னோடு நிற்பவர்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்கள் மேல் கை ஓங்கவே மனசு வராது. மாவட்டத்தில் ஜெயித்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம், அங்கே ஆள் இருக்கும் என்று பார்த்தால், மாநிலச் சங்கம் இரண்டாக உடைந்து கோர்ட்டில் இருந்தது. வருஷா வருஷம் 'போட்டி ஒத்திவைக்கப்பட்டது' என்று ஒரு செய்தி மட்டும் வரும்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அரியலூரில் என் எடையில், என் வயதில் ஒரு பெண் இருந்தாள். பஸ் ஏறினால் போய்விடலாம். ஆனால் அவள் வேறு சங்கம்.

எங்கள் மாஸ்டரும் அரியலூர் மாஸ்டரும் மாமன் மச்சான். அரியலூர்க்காரரின் அக்காவைத்தான் எங்கள் மாஸ்டர் கட்டியிருந்தார். இருவரும் ஒரே இடத்தில் கராத்தே கற்றவர்கள், ஒரே சங்கம் நடத்தியவர்கள். ஒரு பெல்ட் வழங்கும் விழாவில் மேடையில் எங்கள் மாஸ்டரின் நாற்காலியில் மட்டும் பூப்போட்ட துண்டு விரித்திருந்தது. மைத்துனரின் நாற்காலியில் இல்லை. துண்டு தீர்ந்துவிட்டது என்று பந்தல்காரர் சத்தியம் செய்தும் பலிக்கவில்லை. அடுத்த மாதமே அரியலூரில் தனிச் சங்கம் உதயமானது. எங்கள் இரண்டு மாவட்டங்களும்கூட ஒரு காலத்தில் பிரிந்தன, சேர்ந்தன, மறுபடி பிரிந்தன. சங்கம் ஒரே தடவைதான் பிரிந்தது, அதன்பின் சேரவே இல்லை. அரியலூர்க்காரர் ஜப்பான் பாஷையில் ஆசானாகி 'சென்சாய்' ஆனார். விஷயம் தெரிந்ததும் எங்கள் மாஸ்டர் 'கிராண்ட் மாஸ்டர்' ஆனார். சங்கத்தின் பெயரில் அவர் 'ஆசிய' என்று சேர்த்தால் இவர் 'உலக' என்று சேர்ப்பார். எங்களுடைய உலகத் தலைமையகத்தை ஒரு முறை வேறொரு ஊரில் பார்த்தேன். செல்போன் ரிப்பேர் கடைக்கு மேலே மாடிப்படி, பூட்டிய ஷட்டர், பக்கத்தில் ஒரு தையல் கடை.

இது நம்மூர் வியாதி என்றுதான் நினைத்திருந்தேன். கொஞ்சம் படித்துப் பார்த்தபோது உலகத்துக்கே இருக்கிறது என்று தெரிந்தது. கராத்தேயில் அடியை உடம்பில் படுவதற்கு முன்பே நிறுத்திக் காட்ட வேண்டிய போட்டிகள் உண்டு. அதில் சலித்துப்போன சில ஜப்பான்காரர்கள் தாய்லாந்துச் சண்டையைப் பார்த்து இரண்டையும் கலந்து கிக்பாக்ஸிங் என்று ஒன்றை உண்டாக்கினார்கள். அமெரிக்காவில் இன்னொரு கூட்டம் அதே சலிப்பில் தனியாகக் கிளம்பியது. அடித்தவனைச் சாம்பியன் என்று சொல்ல ஓர் அமைப்பு வேண்டுமே, ஆரம்பித்தார்கள். அதிலிருந்து ஒருவர் முறைத்துக்கொண்டு போய் இன்னொன்று ஆரம்பித்தார். அப்புறம் இன்னொருவர். ஒரே எடையில் ஒரே சமயத்தில் பல உலக சாம்பியன்கள், ஒருவரையொருவர் பார்க்காமலேயே. அங்கேயும் ஏதாவது துண்டுப் பிரச்சினை இருந்திருக்கும்.

சங்கமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எடை பார்க்க, டாக்டரை உட்கார வைக்க, பெரியவனைச் சின்னவன் மேல் ஏவிவிடாமல் தடுக்க, போதும் என்று நிறுத்த ஒருவர் வேண்டும். எங்கள் சங்கம் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தது. எதிரில் ஆள் மட்டும் இல்லை.

அடுத்த சங்கத்துப் போட்டியில் கலந்துகொண்டால் தடை என்று இரண்டு பக்கமும் விதி. அதனால் சண்டை நடக்க வழியே இல்லை என்றுதான் நினைத்தேன். வழி காதுகுத்து வடிவத்தில் வந்தது. எங்கள் மாஸ்டரின் குழந்தைக்குச் சிறுவாச்சூர் கோயில் மண்டபத்தில் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் குழந்தைக்குக் காது குத்த முடியுமா? உலகச் சங்கமே வந்தாலும் முடியாது. தாய்மாமன் யார்? அரியலூர் சென்சாய்.

அவரும் சும்மா வரவில்லை. ஒரு வேன் நிறைய மாணவர்கள், எல்லோரும் வெள்ளைச் சீருடையில், தலையில் சீர்த் தட்டுகளோடு. மண்டப வாசலில் ஒரு கராத்தே விளக்கமும் செய்து காட்டப் போவதாக விரிப்பு, கையுறை எல்லாம் ஏற்றி வந்திருந்தார்கள். நாங்களும் விடுவோமா? எங்கள் விரிப்பை முந்தின நாளே இறக்கியாயிற்று. வளையல் தட்டோடு வந்த பெண்ணிடமிருந்து தட்டை வாங்கப் போனேன். தோள்பட்டையைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"நீதான் அவளா?" என்றேன்.

"நீதான் அவளா?" என்றாள் அவளும். "எத்தன தங்கம்?"

"நாலு. ஒனக்கு?"

"மூணு. யாரையாச்சும் அடிச்சிருக்கியா?"

"இல்ல. நீ?"

"எங்க தம்பிய."

இருவரும் சிரித்துவிட்டோம். பின்னால் நின்றிருந்த மாஸ்டர் மனைவிக்கும் அது கேட்டுவிட்டது. நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். தம்பிக்குக் கராத்தேயில் முதல் குத்து சொல்லிக்கொடுத்தவரே அவர்தான் என்று ஊரில் சொல்வார்கள். கல்யாணத்துக்கு முன்பே கறுப்பு பெல்ட். சங்கம் உடைந்த அன்று புருஷன் சங்கமும் வேண்டாம், தம்பி சங்கமும் வேண்டாம் என்று விலகியவர்.

காது குத்தியாயிற்று. குழந்தை மாமன் மடியில் அலறி ஓய்ந்தது. இலை போடப் போகும் நேரத்தில் அக்கா மைக்கில்லாமலேயே மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "பந்தி கொஞ்சம் இருக்கட்டும். இந்த ரெண்டு புள்ளைங்களும் மோதட்டும், பாத்துட்டு சாப்புடலாம்."

மாஸ்டர் பதறிவிட்டார். "சங்கத்து அனுமதி இல்லாம எப்படி?"

"எங்க மேலிடத்துலேர்ந்து ஆக்‌ஷன் எடுப்பாங்கக்கா" என்றார் சென்சாய்.

"எம்பொண்ணுக்குக் காது குத்த எந்தச் சங்கத்துல அனுமதி வாங்குனீங்க? வெலகுங்க. நான் நடுவரா நிக்கிறேன். நான் எந்தச் சங்கத்துலயும் இல்ல."

இரண்டு பேரும் விலகி வழிவிட்டார்கள். ஒருவர் புருஷன், ஒருவர் தம்பி. ஜமக்காளத்தைச் சுருட்டி இரண்டு சங்கத்து விரிப்புகளையும் ஒட்டிப் போட்டார்கள். அப்பா முன் வரிசை நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். நான் கையுறையை மாட்டிக்கொண்டு நடுவில் போய் நின்றேன். நான்கு வருஷத்தில் முதல் முறையாக எதிர்ப்பக்கத்தில் ஒரு முகம் இருந்தது.

எந்த விதிப்படி சண்டை என்று ஒருவரும் கேட்கவில்லை, அங்கேதான் கெட்டது. எங்கள் சங்கத்தில் ஒரு அடி விழுந்தால் உடனே நிறுத்தி, புள்ளி சொல்லி, மறுபடி தொடங்குவோம். அவர்கள் சங்கத்தில் மணி அடிக்கும் வரை நிறுத்தவே மாட்டார்கள். அக்கா "ஆரம்பி" என்றதும் அவள் இடக்கை நேராக என் மூக்கில் இறங்கியது. நான் கற்ற ஒழுக்கப்படி கையைக் கீழே போட்டு, நிமிர்ந்து நின்று, புள்ளி சொல்வதற்காகப் பணிவாகக் காத்திருந்தேன். அவள் கற்ற ஒழுக்கப்படி இன்னும் இரண்டு போட்டாள்.

"நிறுத்து!" என்று எங்கள் மாஸ்டர் கத்தினார். "நிறுத்தாத!" என்று அவள் சென்சாய் கத்தினார். அவள் குழம்பிப் போய் இருவரையும் திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க" என்றார் அக்கா. பிறகு என்னிடம் தணிந்த குரலில், "கைய தூக்குடி. யாரும் நிறுத்த மாட்டாங்க" என்றார்.

மூக்கில் குத்து விழுந்தால் எப்படி இருக்கும் என்று இப்போது என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். முதலில் வலி இல்லை, அவமானம். கண்ணில் தண்ணீர் தானாகக் கொட்டும், அழுகையே இல்லாமல். அப்புறம் காது சூடேறும். அதற்கும் அப்புறம் வந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. ஒரு சந்தோஷம். இவ்வளவுதானா, இதையா இத்தனை நாள் நினைத்து நினைத்துச் செத்தேன் என்று. அடுத்த நிமிஷம் அவள் விலாவில் என் கால் பதிந்தது. அவள் 'ஹக்' என்றாள். அவளுக்கும் அது முதல் அடி. எங்கள் பக்கத்தில் விசில் பறந்தது. அப்பா "போதும்மா, போதும்மா" என்று எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். சமையல்காரர்கள் கரண்டியோடு வந்து நின்று பார்த்தார்கள். சாம்பார் கொஞ்சம் அடிபிடித்தது அதனால்தான்.

தோற்றுவிட்டேன். நியாயமான தோல்வி. அக்கா அவள் கையைத் தூக்கியபோது என் மூக்கிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது, நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன். அம்மா முந்தானையால் துடைத்துக்கொண்டே, "இந்த மூக்க வச்சிக்கிட்டு இனிமே எவன் கட்டிக்குவான்" என்று அழுதார். மாஸ்டரும் சென்சாயும் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, நான் கையைக் கீழே போட்டது சரியா தவறா என்று பாயசம் வரும் வரை வாதாடினார்கள். அவர்கள் பேசிக்கொண்டதே எல்லோருக்கும் அதிசயம்.

சாயங்காலம் எங்கள் இருவருக்கும் வாட்ஸாப்பில் உத்தரவு வந்தது. அங்கீகாரமற்ற போட்டியில் பங்கேற்றதற்காக ஒரு வருஷம் தடை. இரண்டு சங்கத்துக் கடிதத்திலும் வரிக்கு வரி ஒரே வாசகம். பிரிந்த நாளிலிருந்து இரு சங்கங்களும் ஒருமனதாக எடுத்த முதல் முடிவு. அக்கா விடவில்லை. "நடுவருக்கு ஏன் தடை இல்ல? எனக்கும் ஒண்ணு குடுங்க" என்று புருஷனிடம் கேட்டாராம். அவர் வெளியே எங்கோ வேலை இருப்பதாகச் சட்டையை மாட்டிக்கொண்டாராம்.

தடைக் காலத்தில்தான் எனக்குச் சண்டை போட வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பஸ் ஏறி வந்துவிடுவாள். மண்டிக்கு லீவு. மூட்டைகளை ஓரம் தள்ளிவிட்டு மோதுவோம். கண்ணில் தண்ணீர் வந்தால் அடியா வெங்காயமா என்று தெரியாது. பெரும்பாலும் அவள்தான் ஜெயிப்பாள். எனக்குக் கோபம் வரும், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வேன், அடுத்த ஞாயிறு மறுபடி நிற்பேன்.

தடை முடிந்ததும் மாஸ்டர் கூப்பிட்டார். "வந்து நில்லு, போதும். அஞ்சாவது தங்கம். ஒன் வெயிட்டுல வேற யாரும் இல்ல."

அப்போது நான் மேல்படிப்புக்கு அரியலூரில் ஒரு கல்லூரியில் சேர்ந்திருந்தேன். படிக்கும் ஊர் மாவட்டத்தில் போட்டியிடலாம் என்று விதி இருந்தது. "நான் அந்தச் சங்கத்துல சேந்துக்கறேன் மாஸ்டர்" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. ஆறாம் வகுப்பிலிருந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தவர். "அங்க போனா தோத்துருவ" என்றார்.

"தெரியும் மாஸ்டர்."

மேஜை இழுப்பறையில் பேனாவைத் தேடினார். பிறகு விலகல் சான்றில் கையெழுத்துப் போட்டார். "அவ எடது கைய பாத்துக்க" என்று மட்டும் சொன்னார்.

அரியலூர் மாவட்டப் போட்டியில் எங்கள் பிரிவில் இரண்டே பேர். நேரே இறுதிப் போட்டி. மூன்று சுற்றும் விட்டுக்கொடுக்காமல் அடித்துக்கொண்டோம். என் உதடு கிழிந்தது, அவள் ஒரு கண் வீங்கிவிட்டது. ஒரே ஒரு நடுவரின் ஓட்டு வித்தியாசத்தில் அவள் ஜெயித்தாள். வெள்ளியை என் கழுத்தில் மாட்டினார்கள். தோற்றதில் வயிறு எரிந்தது, நிஜமாகவே எரிந்தது. இன்னொரு குத்து கூடுதலாகப் போட்டிருக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே நின்றேன்.

மேல் படியில் நின்றவள் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். அவளிடம் ஏற்கெனவே மூன்று தங்கம் இருந்தது, வீட்டு ஷோகேஸில் வரிசையாக. இதற்கு எதற்கு இந்த அழுகை என்று நிமிர்ந்து பார்த்தேன். அவள் குனிந்து, மைக் சத்தத்துக்கு நடுவே என் காதருகில் சொன்னாள்:

"வந்ததுக்குத் தேங்ஸ்டி."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது.