ஊசி தின்ற சர்க்கரையில்லா மிட்டாய்

என் கொழுந்தன் தையல்காரர். நாற்பது வருஷமாக ஒரே கடை, ஒரே மெஷின். வருகிறவர்களிடம் அளவைத் தவிர ஒரு வார்த்தை பேசமாட்டார். அப்படிப்பட்ட மனுஷன் ஒரு நாயோடு நாள் முழுக்கப் பேசுவார் என்று யார் நினைத்தார்கள்? வீடு மாறிப் போன ஒரு வாடிக்கையாளர் விட்டுப் போன குட்டி டெரியர் அது. எடை இரண்டரைக் கிலோதான். துணி வெட்டும் மேஜைக்கடியில் கிடந்துகொண்டே, வாசலில் லாரி நின்றாலும் அதட்டும். அந்தக் கீச்சுக் குரலுக்காக அதற்கு ஊசி என்று பேர் வைத்தார். தினமும் முடி சீவிவிடுவார். கழுத்துப் பட்டை மூச்சுக்குழாயை நசுக்கும் என்று, மார்பில் மாட்டுகிற பட்டையைத் தானே தைத்துப் போட்டார்.

ஊசிக்குப் பல் ஆடியபோது நாய் டாக்டரம்மா, "இதுக்கு சர்க்கரை ஆகாது" என்றார். கொழுந்தனுக்குச் சர்க்கரை வியாதி உண்டு.

"அண்ணி, எனக்கும் ஊசிக்கும் ஒரே வியாதியாம்" என்றார், என்னவோ சம்பந்தம் பேசி முடித்தவர் மாதிரி.

"பல்லுக்காகச் சொல்லியிருப்பாங்க தம்பி."

"உங்களுக்கு என்ன தெரியும்?"

மறுநாள் மதியம் சாப்பாடு கொண்டு போனேன். தான் தின்கிற சர்க்கரையில்லா மிட்டாயில் இரண்டை அதற்கும் கொடுத்திருந்தார். அரை மணிகூட ஆகவில்லை. நின்றிருந்த நாய் கால் பின்னி விழுந்தது. எழுந்தது, மறுபடி விழுந்தது. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. அவர் அதை அள்ளிக்கொண்டு வெறுங்காலோடு டாக்டரம்மாவிடம் ஓடினார். மிட்டாய் டப்பாவோடு நான் பின்னாலேயே போனேன்.

"என்ன கொடுத்தீங்க?"

"சர்க்கரை இல்லாததுதான் டாக்டர். நீங்க சொன்னபடிதான்."

டாக்டரம்மா டப்பாவைப் படித்தார். "சர்க்கரைக்குப் பதிலா இதுல போட்டிருக்கிறது நாய்க்கு விஷம். உடம்புல இருக்கிற சர்க்கரையை அடியோட இறக்கிடும்" என்று சொல்லிக்கொண்டே நாயின் காலில் மருந்துக் குழாயை மாட்டினார்.

"இப்ப என்ன ஏத்துறீங்க?"

"சர்க்கரைதான்."

கொழுந்தன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஈரல் தாங்குமா என்று மூன்று நாள் பார்க்க வேண்டும் என்றார்கள். மூன்று நாளும் கடை பூட்டியே கிடந்தது. அவர் வாயில் ஒரே பேச்சு: "நான் கொடுத்தேன்னு நம்பித் தின்னுச்சு அண்ணி."

மூன்றாம் நாள் ஊசி கண் விழித்து, டாக்டரம்மாவைப் பார்த்து உறுமியது. பிறகு கொழுந்தனின் விரலை நக்க எட்டியது. அவர் கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். நான் விடுவேனா? அந்தக் கையைப் பிடித்து இழுத்து அதன் மூக்கடியில் வைத்தேன். நாய் நக்கிக்கொண்டே இருந்தது.